பூங்கா டோன் – 14: ஒரே தாம்பாளம்

வெள்ளிக்கிழமை காலை கிருஷ்ணப்பிரியா பட்டறைக்குள் வந்தபோது அவளுடைய மர ஸ்டூலைக் காணோம்.

மேசை அங்கேயேதான் இருந்தது. மேசைமேல் அவளுடைய விளக்கு, மீட்டர், திசை காட்டும் பித்தளைக் காம்பஸ் எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தன. ஸ்டூல் இருந்த இடத்தில் மட்டும் சக்கரம் வைத்த ஒரு நாற்காலி. அதில் கொழுந்தன் அஜித்குமார் உட்கார்ந்து, இந்தப் பக்கம் அரைச் சுற்று அந்தப் பக்கம் அரைச் சுற்று என்று சுழன்றுகொண்டிருந்தான்.

அண்ணியைப் பார்த்ததும் காலை ஊன்றி நிறுத்தினான்.

"அண்ணி, நான் கேக்கல. நைனாதான் ஒக்கார சொல்லிச்சி."

"எங்கே?"

"இந்த டேபிள்ல. உன்னிய பேக்கிங்குக்கு..." மேலே சொல்ல அவனுக்குத் தைரியம் போதவில்லை. "எனுக்கு இதுல ஒண்ணியும் தெரியாது அண்ணி. சத்தியமா."

"என் ஸ்டூல் எங்கே அஜித்து?"

அவன் கையைக் காட்டினான். பட்டறையின் கோடியில், அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே, தலையில் ஒரு டேப் உருளையைச் சுமந்துகொண்டு அது நின்றது.

போன வாரக் கடைசியில் மாமனார் நாகேந்திரன், "இன்ஸ்பெக்‌ஷன் டேபிள்ல யாரு ஒக்காந்தது?" என்று ஒரு கேள்வி கேட்டுவிட்டு எழுந்து போனார் அல்லவா? அதற்கான பதிலை அவரே எழுதிவிட்டார் என்று கிருஷ்ணப்பிரியாவுக்குப் புரிந்தது.

கதையை இடையில் எடுத்தவர்களுக்கு இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். அண்ணனூரில் ரயில்வே லைனை ஒட்டி நாகேந்திரனுக்கு ஒரு பட்டறை. ட்யூப்லைட்டுக்குச் சோக் சுற்றிச் சுற்றி வளர்ந்த குடும்பம். எல்.இ.டி. வந்து சோக்குக்குக் காரியம் செய்துவிட்டுப் போனபின், மூத்த மகன் வினோத் வேறு கம்பியைப் பிடித்தான். எலெக்ட்ரிக் கிட்டாரின் தந்திகளுக்குக் கீழே விரல் நீளத்தில் ஒரு சாமான் இருக்குமே, அதுதான் பிக்கப். உள்ளே ஆறு காந்தக் குச்சிகள், அவற்றைச் சுற்றி முடியைவிட மெல்லிய செம்புக் கம்பி. தந்தி அதிர்ந்தால் ஸ்பீக்கருக்குச் சேதி போகும். அதையும், கூடவே டோன் குமிழ்களையும் இவர்கள் செய்கிறார்கள். கம்பெனிக்கு நாகேந்திரன் தன் மனைவி பூங்காவனத்தின் பெயரில் பாதியை வெட்டி வைத்தார். பூங்காவனத்துக்குக் கிட்டாரை எந்தக் கையால் பிடிப்பது என்று தெரியாது. ஆனால் 'பூங்கா டோன்' போர்டைத் துடைக்காமல் அந்த அம்மாள் ஒருநாளும் காபி குடித்ததில்லை.

முதல் பெரிய ஆர்டர் வானகரத்து ஜஸ்டினுடையது. சொந்தமாகக் கிட்டார் செய்கிறவர். ஒரு கிட்டாருக்கு இரண்டு பிக்கப். கழுத்துப் பக்கத்துக்கான பிக்கப்புகள் புரட்டாசி பாதியில் போயின. மற்ற பக்கத்துக்கானவை ஆயுத பூஜைக்குப் பிறகு போயின. இரண்டையும் பொருத்தி வாசித்த ஜஸ்டின் போன வாரம் பெட்டியோடு திரும்பி வந்தார். தனித்தனியாகக் கேட்டால் இரண்டும் பாடுகின்றன. சேர்த்துப் போட்டால் சளி பிடித்த குரலாக ஆகிவிடுகிறது.

எது வெளியே போனாலும் கடைசியாகத் தொட்டு, சோதித்து, சரி என்று சொல்பவள் கிருஷ்ணப்பிரியா. எனவே பழி நேராக அவள் மேசைக்கு வந்தது. மாமனார் கேட்ட கேள்விகூட அவளுக்கு அவ்வளவு வலிக்கவில்லை. பக்கத்தில் நின்ற கணவன் வினோத் வாயைத் திறக்கவில்லையே, அதுதான் வலித்தது.

இன்று சாயங்காலம் ஜஸ்டின் மறுபடி வருகிறார். காரணம் என்ன என்று சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் ஆர்டர் போகும். அது போவதற்கு முன்பே அவளுடைய மேசை போய்விட்டது.

அவள் அழவில்லை. கோடிக்குப் போய் டேப் உருளையை எடுத்துக் கீழே வைத்துவிட்டு, ஸ்டூலில் உட்கார்ந்து பெட்டி மடிக்க ஆரம்பித்தாள். அழுகை வந்தது, அதை மடித்த பெட்டிக்குள் போட்டு மூடிக்கொண்டாள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு வாரமாக அவள் எல்லாவற்றையும் பார்த்துவிட்டாள். கம்பி சுற்றிய திசை சரி. சிவப்பு ஒயர், கறுப்பு ஒயர் சரி. காந்தத்தையும் பார்த்தாள். பிக்கப்பைக் காம்பஸுக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் சிவப்பு முனை அதை நோக்கித் திரும்ப வேண்டும். இரண்டாவதாகப் போன பெட்டியில் இருந்த எல்லாவற்றுக்கும் ஒழுங்காகத் திரும்பியது. எல்லாம் சரியாக இருந்து சத்தம் மட்டும் தப்பாக இருந்தால் மனுஷி யாரைப் போய்க் கேட்பாள்?

ஞாயிற்றுக்கிழமையிலிருந்து மூடியிருந்த வானம் அன்றைக்குத்தான் திறந்திருந்தது. பத்து மணி வாக்கில் பூங்காவனம் ஒரு கையில் டீ, மறு கையில் மகாலட்சுமி படத்தோடு பட்டறைக்கு வந்தாள். வந்தவள் முதலில் நாற்காலியைப் பார்த்தாள், பிறகு பெட்டிகளுக்கு நடுவில் மருமகளைப் பார்த்தாள்.

"நீ இன்னாமே அங்க ஒக்காந்துகினு கீற?"

"மாமா சொன்னாங்க அத்தை."

டீயை நீட்டினாள். வழக்கமாக அரை டம்ளர் வரும், இன்று முக்கால் இருந்தது. அந்த வீட்டில் ஆறுதல் என்பது அப்படித்தான் வரும்.

"எல்லாம் இந்தப் படத்தால வந்த வென," என்றாள் படத்தை ஆட்டி. "கோவிந்தராஜு அப்பவே சொன்னான். பட்டறைல லச்சுமி தெக்கப் பாத்துகினு இருக்கக்கூடாதாம். கிழக்கப் பாத்து மாட்டணுமாம். எங்க அந்த காம்பஸு?"

கோவிந்தராஜ் பூங்காவனத்தின் தம்பி. வாஸ்துப் பித்து. காலை நாஸ்டாவைக்கூட இட்லி எந்தத் திசையில் வெந்தது என்று கேட்டுத்தான் சாப்பிடுவார். செம்பரம்பாக்கம் பக்கம் மனை வாங்கியிருக்கிறார். போன ஞாயிற்றுக்கிழமை மழைத் தூறலில் இதே காம்பஸை வாங்கிக்கொண்டு போய், மறுநாள் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு திருப்பிக் கொடுத்தார்.

அஜித்குமார் காம்பஸை எடுத்து அம்மாவிடம் கொடுத்தான். பூங்காவனம் அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு கதவுப் பக்கம் போய் நின்றாள். சிவப்பு முனை வடக்கு என்பது அவளுக்குத் தெரியும். ஒரு சுற்று சுற்றினாள். மறுபடியும் ஒரு சுற்று சுற்றினாள்.

"இன்னாமே இது, பேஜாரா கீது?"

"என்ன அத்தை?"

"இந்த முள்ளு சொல்றத நம்புனா ஒங்கம்மா ஊடு கிழக்கால கீது. சென்ட்ரலு மேற்கால கீது."

கிருஷ்ணப்பிரியாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுடைய தாய்வீடு ஆவடியில், அடுத்த ஸ்டேஷன். ரயிலேறி மேற்கே ஒரு மூச்சு போனால் வந்துவிடும். அந்த வாரத்தில் அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை.

சிரிப்பு பாதியில் நின்றது.

அவள் எழுந்து வந்து காம்பஸை வாங்கிக்கொண்டாள். பட்டறையின் இரும்பும் காந்தமும் குறுக்கே வரக்கூடாது என்று வாசலைத் தாண்டி வெட்டவெளியில் போய் நின்றாள். எதிரே வடக்கில் ரயில்வே லைன். வலது பக்கம் வெயில். சிவப்பு முனை லைனைக் காட்டவில்லை. அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு தெருமுனையைக் காட்டியது.

முள் தலைகீழாக மாறியிருந்தது. வடக்குத் தெற்காகி, தெற்கு வடக்காகியிருந்தது.

காந்தம் ஏற்றும் பக்கத்தையும் காட்டி, பிறகு பிக்கப்பைச் சோதிக்கவும் உதவும் காம்பஸே தப்பாக இருந்தால் தப்பெல்லாம் சரியாகத்தானே தெரியும்? ஆயுத பூஜைக்குப் பிறகு செய்த ஒவ்வொரு பிக்கப்பிலும் காந்தம் திரும்பியே ஏறியிருக்கிறது. பழையது இழுத்தால் புதியது தள்ளுகிறது. இரண்டும் சேர்ந்தால் சத்தம் செத்துப்போகிறது.

ஆனால் முள் தானாகத் திரும்பாது. அதைத் திருப்ப முரட்டுக் காந்தம் வேண்டும். அப்படிப்பட்ட காந்தம் அந்தப் பட்டறையில் இரண்டே இரண்டு. பிக்கப்புக்குக் காந்தம் ஏற்றுவதற்காக இரும்புப் பிடியில் எதிரும் புதிருமாக மாட்டியிருக்கும். வருஷத்தில் ஒரே ஒரு நாள்தான் அவற்றைக் கழற்றுவார்கள்.

அவளுக்கு விஜயதசமிக் காலை ஞாபகம் வந்தது. பெரிய பித்தளைத் தாம்பாளம். அதில் ஸ்பேனர், திருப்புளி, சோல்டரிங் கம்பி, எல்லாவற்றின் நெற்றியிலும் சந்தனமும் குங்குமமும். நடுவே கழுவித் துடைத்த இரண்டு பெரிய காந்தம். அந்த இரண்டுக்கும் இடையில், உருண்டு விழாமல் இருக்க அழகாகச் செருகி வைத்த காம்பஸ், மூடி மூடியபடி. மூடியை மூடினால் உள்ளே முள் அசையாமல் பூட்டிக்கொள்ளும். பூட்டிக்கொண்ட முள் விடியவிடிய இரண்டு முரட்டுக் காந்தத்துக்கு நடுவில் கிடந்திருக்கிறது.

சாமி முன்னால் அந்தத் தாம்பாளத்தை அடுக்கும் உரிமை அந்த வீட்டில் ஒருத்திக்குத்தான் உண்டு.

"இன்னா ஆச்சி? மூஞ்சி ஒரு மாரியா போச்சி?" பூங்காவனம் கதவோரமாக நின்று கேட்டாள்.

"ஒண்ணுமில்லை அத்தை. படத்தை இப்ப மாட்ட வேண்டாம். அப்புறம் பார்க்கலாம்."

மத்தியானம் வினோத் சாப்பிட உட்கார்ந்தபோது அவனிடம் சொன்னாள். முதல் பாதியைக் கேட்டதும் அவன் முகம் மலர்ந்துவிட்டது.

"அப்ப சுத்துனது தப்பில்ல! உன் சோல்டரிங் தப்பில்ல! அப்பாடா! பெட்டி மொத்தத்தையும் திரும்பக் காந்தம் ஏத்துனா முடிஞ்சிது. ஒரு நாள் வேல பிரியா!"

"முள் எப்படித் திரும்புச்சுன்னு கேக்கலையே நீங்க?"

கேட்டான். இரண்டாவது பாதியைச் சொன்னாள். சோற்றில் இருந்த கை அப்படியே நின்றது.

"அம்மாவா," என்றான் மெதுவாக.

"வேணும்னா வச்சாங்க? பூஜைத் தட்டு. அவங்களுக்குத் தெரியாது. காலையில எடுத்துத் துடைச்ச எனக்கும்தான் தோணலை."

"அம்மாகிட்ட சொல்லாத பிரியா. பூஜைல குத்தம்னு ஆயிடும். அது மனசு தாங்காது."

"சரி. மாமா கேட்டா?"

வினோத் யோசித்தான். அவன் நல்லவன். ஆனால் சண்டை வரும் என்று தெரிந்தால் பாதையை மாற்றிப் போகிற ரகம். இப்போதும் ஒரு குறுக்குச் சந்து கண்டுபிடித்தான்.

"காம்பஸு பழசு. தன்னால கெட்டுப்போச்சின்னு சொல்லிக்கலாம். யாருக்கும் வருத்தம் இல்ல. டேபிளும் உனுக்கே வந்துரும்."

"அந்தக் காம்பஸ் யார் குடுத்ததுங்க?"

அதைக் கொடுத்தவர் அவளுடைய அப்பா மனோகரன். ஆவடித் தொழிற்சாலையிலிருந்து ஓய்வு பெற்று வந்த நாளில், கூட வேலை பார்த்தவர்கள் சேர்ந்து வாங்கித் தந்த பரிசு அது. தலை தீபாவளிக்கு மாப்பிள்ளைக்கு மோதிரம் போட்டுவிட்டு, "பட்டறைக்கு உதவுமே மாப்பிள்ளை" என்று இதையும் எடுத்து நீட்டினார். அன்றைக்கு அவர் முகத்தில் இருந்த பெருமை மோதிரத்துக்கு வந்ததல்ல.

"யாருக்கும் வருத்தம் இல்லைன்னீங்களே," என்றாள் கிருஷ்ணப்பிரியா. குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள். தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். வினோத் சாப்பிடாமலே கையைக் கழுவினான்.

வெயில் இறங்கும் நேரத்துக்கு ஜஸ்டின் வந்தார். முதுகில் கிட்டார், வண்டியின் முன்னால் ஒரு சின்ன ஸ்பீக்கர் பெட்டி. நாகேந்திரன் அவருக்கு நாற்காலி போட்டுத் தானும் எதிரே உட்கார்ந்தார். நாகேந்திரன் அதிகம் பேசுகிறவர் இல்லை. பேசாமல் இருந்தே மற்றவர்களை நடுங்க வைக்கிறவர்.

ஜஸ்டின் கிட்டாரை மாட்டி, இரண்டு பிக்கப்பையும் சேர்த்துப் போட்டு ஒரு வரிசை வாசித்தார். சத்தம் மெலிந்து, மூக்கால் அழுதது.

"பாத்தியா அண்ணாத்தே? இத நான் எப்படி விக்கிறது? வினோத் எனுக்கு மச்சான் மாரி, அதான் ரெண்டாவது வாட்டி வந்துகீறேன். இன்னிக்கி ஒரு பதில் சொல்லிடுங்க. இல்லன்னா நான் வேற எடம் பாக்கணும்."

"பதில் இருக்கு," என்றாள் கிருஷ்ணப்பிரியா, பெட்டிகளுக்கு நடுவிலிருந்து எழுந்து வந்து. காம்பஸின் முள் தலைமாறிவிட்டதைச் சொன்னாள். அதனால் காந்தம் தலைமாறி ஏறியதையும் சொன்னாள். ஜஸ்டின் தலையாட்டிக்கொண்டே கேட்டார். நாகேந்திரன் காம்பஸை வாங்கிப் பார்த்தார், வாசலைப் பார்த்தார், மறுபடி காம்பஸைப் பார்த்தார். ஒரு வாரமாக இறுகிக் கிடந்த முகம் தளர்ந்தது.

"அட, இதானா! இது நம்ம ஆவடி சம்பந்தி குடுத்தது இல்ல? பழைய சாமான். பழசு பழசுதான், இன்னா பண்றது? அப்ப நம்மாளுங்க மேல தப்பு இல்ல. உட்ரு. இத தூக்கிப் போட்டுட்டு புச்சா ஒண்ணு வாங்கிக்கலாம். நீ டேபிள்ல ஒக்காரும்மா."

அவ்வளவுதான். மேசை திரும்பிவிட்டது. அவள் செய்ய வேண்டியதெல்லாம் ஒன்றும் சொல்லாமல் இருப்பது. வினோத் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். சமையலறைப் பக்கமிருந்து டீ டம்ளர்களோடு பூங்காவனம் வந்துகொண்டிருந்தாள். சும்மா இருந்துவிடலாம் என்று கிருஷ்ணப்பிரியாவுக்கும் ஆசையாகத்தான் இருந்தது.

"இல்லை மாமா. காம்பஸ் மேல தப்பு இல்லை."

"இன்னாம்மா சொல்ற?"

"பாருங்க."

அவள் காம்பஸைத் தன் மேசைமேல் வைத்துத் திறந்தாள். சிவப்பு முனை தெருவைக் காட்டியது. மூடியை மூடினாள், உள்ளே 'டிக்' என்று பூட்டிக்கொண்டது. இரும்புப் பிடியைத் தளர்த்தி, எதிரும் புதிருமான இரண்டு காந்தத்துக்கும் இடையில் அதைத் திருப்பிச் செருகினாள். சற்று நேரம் அப்படியே விட்டாள். வெளியே எடுத்து, காந்தத்தை விட்டுத் தள்ளி வாசலுக்குப் போய் மூடியைத் திறந்தாள். முள் தடுமாறியது, ஆடியது, ஆடி நின்றது. சிவப்பு முனை ரயில்வே லைனைக் காட்டியது.

அஜித்குமார் விசிலடித்தான்.

"மூடி வச்சு ரெண்டு காந்தத்துக்கு நடுவுல விட்டா முள் திரும்பிக்கும். திருப்பி வச்சா சரியாயிடும். அப்பா குடுத்த சாமான் நல்லாத்தான் இருக்கு."

"அப்ப எவனோ இத நடுவுல மூடி வச்சிகீறான்," என்றார் நாகேந்திரன். "யாரு?"

கிருஷ்ணப்பிரியா வாய் திறக்கவில்லை. அப்பாவைக் காப்பாற்றியாயிற்று. அதற்கு மேல் ஒரு சொல் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

"நான்தாம்பா வச்சேன்," என்றான் வினோத் திடீரென்று. "ஆயுத பூஜ அன்னிக்கி. தட்டுல."

ஒரு வாரம் கழித்து வாய் திறந்தான், திறந்ததும் பொய்தான் வந்தது. ஆனாலும் கிருஷ்ணப்பிரியாவுக்கு அவன்மேல் இருந்த கோபத்தில் பாதி அந்த நொடியில் கரைந்துவிட்டது.

"உட்றா டேய்." பூங்காவனம் டீ டம்ளர்களைப் பெஞ்சின்மேல் வைத்தாள். "நீ அன்னிக்கி குளிக்கவே பத்து மணி. உன்னிய நான் தாம்பாளத்தத் தொட உடுவனா? டபாய்க்காத."

அவள் இரும்புப் பிடியைப் பார்த்தாள், அதிலிருந்த இரண்டு காந்தத்தைப் பார்த்தாள். காம்பஸ் செருகியிருந்த இடைவெளியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"வச்சது நானு," என்றாள். "உருண்டுகினே இருந்திச்சி. அதுங்க ரெண்டுக்கும் நடுவுல வச்சேன், கம்முனு நின்னுச்சி. நல்லா நிக்குதேன்னு குங்குமம் வேற வச்சேன்."

அவள் குரல் உடைந்தது. அந்த வீட்டில் அந்தக் குரல் உடைந்து யாரும் கேட்டதில்லை.

"அத்தை..."

"நீ பேசாத. காலைலயே தெரியுமில்ல ஒனுக்கு? முள்ளு தப்பா காட்டுதுன்னு நான் குடுத்தப்பவே தெரியும். ஏன் சொல்லல?"

"எப்படி அத்தை சொல்றது?"

"வாயாலதான் சொல்றது!" கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இவுரு டேபிளப் புடுங்குறாரு, பெத்தவரு சாமானத் தூக்கிப் போடுன்றாரு, அப்பயும் எம்பேர சொல்லாம நிக்கிற. இன்னா பொண்ணுடி நீ?"

திட்டுகிற மாதிரிதான் சொன்னாள். ஆனால் சொல்லிக்கொண்டே மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். இத்தனை நேரம் பெட்டிக்குள் போட்டு மூடி வைத்திருந்தது கிருஷ்ணப்பிரியாவுக்கு இப்போது வெளியே வந்துவிட்டது. ஜஸ்டின் பாவம், எங்கே பார்ப்பதென்று தெரியாமல் கிட்டாருக்குச் சுருதி சேர்க்க ஆரம்பித்தார்.

நாகேந்திரன் தொண்டையைக் கனைத்தார்.

"சாமி குத்தம்லாம் ஒண்ணியும் இல்ல பூங்கா. அத நெனச்சி மனச ஒடச்சிக்காத. அடுத்த வருசம் ரெண்டு தாம்பாளமா வச்சிடு."

"அது நடக்காது. எல்லா ஆயுதமும் ஒரே தாம்பாளத்துலதான் இருக்கணும். பிரிச்சி வச்சா குடும்பம் பிரியும்." மூக்கை உறிஞ்சினாள். "காம்பஸ மட்டும் எடுத்து என் இடுப்புல சொருகிக்கிறேன்."

முதலில் சிரித்தவர் ஜஸ்டின். பிறகு எல்லோரும் சிரித்தார்கள்.

கிருஷ்ணப்பிரியா முகத்தைத் துடைத்துக்கொண்டு வேலையைப் பார்த்தாள். ஜஸ்டினின் கிட்டாரிலிருந்து புதிய பிக்கப்பை வினோத் கழற்றித் தந்தான். அதைக் காந்தப் பிடியின் நடுவே தலைமாற்றி ஒருமுறை இழுத்தாள். காம்பஸுக்கு அருகில் வைத்துப் பார்த்தாள். வினோத் மறுபடி பொருத்தினான். ஜஸ்டின் இரண்டையும் சேர்த்துப் போட்டுத் தந்தியைத் தட்டினார்.

நிறைந்த சத்தம் வந்தது. அண்ணனூர் ஷெட்டுக்குள் நுழைந்துகொண்டிருந்த மின்சார ரயிலின் சத்தத்தையும் தாண்டி அது பட்டறை முழுக்கப் பரவியது.

"இத்தான்!" என்றார் ஜஸ்டின் கண்ணை மூடிக்கொண்டு. "இத்தான் நான் கேட்டது. மொத்தப் பெட்டியையும் இதே மாரி பண்ணிடு தங்கச்சி. திங்கக்கெழம வந்து எடுத்துக்கறேன்."

நாகேந்திரன் மகனைப் பார்த்தார். "அஜித்து."

"தோ எய்ந்துட்டேன் நைனா," என்றான் அஜித்குமார். அவன் அவ்வளவு சந்தோஷமாக எந்த வேலையையும் விட்டதில்லை. நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டு, கோடியிலிருந்து மர ஸ்டூலைத் தூக்கி வந்து போட்டான். போடுவதற்கு முன் சட்டையால் ஒருமுறை துடைத்தான்.

மாமனார் மன்னிப்புக் கேட்பார் என்று நீங்கள் எதிர்பார்த்தால், நாகேந்திரனை உங்களுக்கு இன்னும் தெரியவில்லை. அவர் தன் பங்கு டீயை எடுத்து மருமகளின் மேசைமேல் வைத்துவிட்டு, "சம்பந்திக்கு ஒரு போன் போடும்மா. காம்பஸு நல்லா வேல செய்துன்னு சொல்லு," என்றார். அதற்குமேல் அவரால் முடியாது, அவளுக்கும் அது போதும்.

அந்த நேரம் பார்த்து பூங்காவனத்தின் போன் அடித்தது. அவளுக்குக் காது மந்தம் இல்லை. ஆனாலும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவாள்.

"அக்கா! கோவிந்தராஜு பேசறேன். மனைலதான் கீறேன், இப்பத்தான் வந்தேன். தண்ணி சம்ப்பு ரெடிக்கா! ஈசானி மூலைல, அப்பிடியே சொன்ன எடத்துல. கான்கிரீட்டும் போட்டாச்சி."

பூங்காவனம் திரும்பி மேசைமேல் இருந்த காம்பஸைப் பார்த்தாள்.

"அந்தக் கொத்தனாரு இன்னா பேச்சு பேசுனான் தெரியுமா? 'சார், நீங்க காட்றது தப்பான மூல, அது கன்னி மூல'ன்னான். அன்னிக்கி வேற ஒரே மூட்டம், சூரியனையே காணோம். நான் உடல. நம்ம காம்பஸ எடுத்து அவன் மூஞ்சிக்கு நேரா காட்னேன். 'மனுசன் பொய் சொல்வான், முள்ளு சொல்லுமாடா'ன்னேன். வாயே தொறக்கல! ஞாயித்துக்கெழம பூஜ, சொந்தக்காரங்க எல்லாம் வராங்க. நீதான்க்கா மொதக் கொடம் ஊத்தணும்."

வடகிழக்கான ஈசானி மூலையில் தண்ணீர்த் தொட்டி இருந்தால் குடும்பம் செழிக்கும், தென்மேற்கான கன்னி மூலையில் ஒரு பிடி மண்ணைத் தோண்டினாலும் குடும்பம் கவிழும் என்பது கோவிந்தராஜின் வேதம். அதை அவர் சொல்லாத கல்யாண வீடு கிடையாது.

பூங்காவனம் போனைக் கையால் பொத்திக்கொண்டாள். கணவரைப் பார்த்தாள். அவர் அவசரமாக ஜஸ்டினின் கிட்டாரைக் கவனிக்கத் தொடங்கினார். பெரியவனைப் பார்த்தாள், அவன் குனிந்து ஸ்க்ரூ தேடினான். சின்னவன் எப்போதோ வெளியே போயிருந்தான்.

அவள் நேராகப் போய் மருமகள் கையில் போனைத் திணித்தாள்.

"நீயே சொல்லும்மா. இந்த ஊட்ல இன்ஸ்பெக்‌ஷன் நீதான?"

கிருஷ்ணப்பிரியா தன் ஸ்டூலில் நன்றாக நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டாள். இதற்குமுன் எத்தனையோ சாமானைத் தப்பு என்று ஒதுக்கியிருக்கிறாள். ஒரு சம்ப்பை ஒதுக்குவது இதுதான் முதல் தடவை.

"சித்தப்பா, நான் பிரியா பேசுறேன். அங்கே இப்ப வானம் தெளிஞ்சிருக்கா?"

"பளிச்சின்னு கீதும்மா. ஏன்?"

"சூரியன் எந்தப் பக்கம் இறங்குதுன்னு கொஞ்சம் திரும்பிப் பார்த்துச் சொல்லுங்களேன்."

போனில் அவர் திரும்புகிற செருப்புச் சத்தம் கேட்டது. பிறகு வெகுநேரம் ஒன்றும் கேட்கவில்லை.

"நம்ம சம்ப்புக்கு மேலதாம்மா எறங்குது," என்றார் கோவிந்தராஜ்.